அந்த இரைச்சலுக்குள் அப்பா இருக்கிறாரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. அப்பா மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் தேறவில்லை. போன மாதம் சித்தி ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். கையடக்க ரேடியோ மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார், ஸ்பிரிட் பாக்ஸ் என்றார். "அவர் வழக்கமாக உங்களிடம் என்ன பேசுவார்?" என்று அம்மாவிடம் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் வைத்து ஓடவிட்டார். கரகர சத்தத்துக்கு நடுவில் 'சாப்டியா' என்று கேட்டது. தினமும் மதியம் கடையிலிருந்து போன் போட்டு அப்பா கேட்கிற கேள்வி அது. அம்மா உடைந்து அழுதுவிட்டார். எனக்கும் அது கேட்டது ஐயா. பிறகு அவரே பதிவைச் சுத்தம் செய்து இன்னொரு ஃபைல் அனுப்பினார், அதில் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒரு முறைக்கு 6,000 ரூபாய். இன்னும் ஐந்து முறை உட்கார்ந்தால் அப்பா முழுசாகப் பேசுவாராம். எடிசனே இப்படிக் கருவி செய்தவர்தான் என்கிறார். அம்மா இப்போது ராத்திரியெல்லாம் ஹெட்போனில் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பாவின் வாட்ஸ்அப் குரலை வைத்து ஏஐ-யில் அவரைப் பேசவைப்பதாக ஒரு விளம்பரமும் பார்த்தேன். அதைச் செய்து கொடுத்தால் அம்மா இதை விட்டுவிடுவாரா? இரண்டு பதிவுகளையும் அனுப்பியிருக்கிறேன். இது அப்பாவா, இல்லையா?
(வாசகர், திருச்சி)

பதில்: தம்பி, இரண்டு பதிவுகளையும் முழுதாகக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பவை எஃப்.எம். நிலையங்களின் துண்டு துணுக்குகள். 'சாப்டியா' என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன சொல் அந்தப் பதிவில் இல்லை. ஆனால் உங்களுக்கும் அம்மாவுக்கும் அது கேட்டது என்பதை நான் சந்தேகப்படவே இல்லை. ஏன் கேட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இறந்த பிறகு மனிதர் எங்கே போகிறார் என்பது என் துறை இல்லை. ஸ்பீக்கரில் வரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் பிழைக்கிற தொழில், அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்பிரிட் பாக்ஸ் என்பது ரேடியோதான். நம் வீட்டு ரேடியோ ஒரு நிலையத்தில் போய் நிற்கும், இது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். 2002 வாக்கில் ஃபிராங்க் சம்ப்ஷன் என்ற அமெரிக்கர் செய்ததிலிருந்து இந்த வகைக் கருவிகள் பரவின. எஃப்.எம். அலைவரிசை 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 108 வரை. 0.1 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் தாவினால் சுமார் 200 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்குக் கருவியில் பட்டன் இருக்கும். பரவலாக விற்கும் ஒரு மாடலில் அது 100 மில்லிசெகண்டிலிருந்து 350 வரை.

உங்கள் பதிவை மென்பொருளில் திறந்து அளந்து பார்த்தேன். ஒரு தாவலுக்குச் சுமார் 200 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு ஐந்து. நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு வருகிற அசைகளும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, அந்தக் கருவி வெறும் இரைச்சலைக் கொடுக்கவில்லை. பேச்சின் தாளத்தில் நறுக்கிய இரைச்சலைக் கொடுக்கிறது. அந்த நறுக்கல்களுக்குள் நிஜ மனிதக் குரலும் இருக்கிறது. திருச்சியில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிலையத்தில் யாராவது தமிழில் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோதானே இருக்கிறார்கள்? கிடைப்பதெல்லாம் ஒன்று ஒன்றரை அசை. ஆ, டி, யா, ன்னு, லே. இப்படியே அரை மணி நேரம் கொட்டினால் ஏதாவது ஒரு சொல் மாதிரி அமையாமல் போனால்தான் ஆச்சரியம்.

அந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டிப் பார்த்தேன். முதலில் வருவது ஏதோ பாட்டின் 'ஆ' இழுப்பு, பெண் குரல், அதிர்வெண் 210 ஹெர்ட்ஸ் பக்கம். அடுத்து தாவலில் வந்த ஒரு 'டக்'. கடைசியில் ஓர் ஆண் அறிவிப்பாளரின் சொல்லில் பாதி, 'டியா' என்று கேட்கிறது, அது 120 ஹெர்ட்ஸ் பக்கம். தொடக்கத்தில் 'ச' என்ற ஒலி இல்லவே இல்லை, அங்கே இருப்பது வெறும் உஸ்ஸென்ற காற்று. பேசுவது ஒரே ஆள் என்றால் ஒரு சின்னச் சொல்லுக்குள் பெண் குரலிலிருந்து ஆண் குரலுக்குத் தாவமாட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டுடியோவில் பையன்களிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்காட்டினேன். ஒருவனுக்கு 'காப்பியா', இன்னொருவனுக்கு 'நாட்டியம்'. மூன்றாமவன் "என்ன சார், ட்யூனிங் போகுது" என்றான். பிறகு நீங்கள் சொன்ன சொல்லைச் சொல்லி மறுபடி போட்டேன். மூன்று பேருக்கும் 'சாப்டியா' கேட்டது. எனக்கும்தான், இப்போதுகூட.

காதின் இந்தக் குணம் ஆய்வகத்தில் பலமுறை பார்க்கப்பட்ட ஒன்று. 1981-இல் ராபர்ட் ரெமஸும் அவர் கூட்டாளிகளும் ஒரு வாக்கியத்தின் பேச்சொலியை எடுத்து, அதன் முக்கிய அதிர்வுகளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் மூன்றே மூன்று விசில் தொனிகளாக மாற்றி, மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்கவைத்தபோது பலருக்கு அது விசில், பீப், அறிவியல் படத்து விநோதச் சத்தம். இது பேச்சு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட வேறு ஆட்களில் பலர் அதே ஒலியில் வாக்கியத்தையே பிடித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1936-இல், உளவியலாளர் ஸ்கின்னர் தெளிவில்லாத உயிரொலிகளை மெல்லிய சத்தத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டினார். கேட்டவர்கள் அதில் சொற்களையும் சொற்றொடர்களையும் கேட்டார்கள். பெரும்பாலும் அவரவர் மனதில் இருந்தவை. தண்ணீர் மோட்டார் ஓடும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்து, போய்ப் பார்த்தால் யாருமில்லாத அனுபவம் உங்களுக்கும் இருக்கும். காது கெட்டுப்போனதால் வருவதில்லை அது. அரைகுறையாக வருவதை நிரப்பிக்கொள்ளத் தெரியாத காதை வைத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டில் யாரோடும் பேசமுடியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். கருவியைப் போடுவதற்கு முன்னால் அவர் அம்மாவிடம் என்ன விசாரித்தார்? "வழக்கமாக என்ன பேசுவார்?" எட்டு மாதமாக அந்த மதிய போனுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை வாயால் சொல்லவும் வைத்து, உடனே நொடிக்கு ஐந்து அசை வீதம் சத்தத்தைக் கொட்டினால் வேறு என்ன கேட்கும்? அவர் தெரிந்தே செய்தாரா, தானும் நம்பித்தான் செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது ரகமும் நிறைய உண்டு.

'சுத்தம் செய்த' ஃபைல் ஏன் இன்னும் தெளிவாக இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரைச்சல் நீக்கும் மென்பொருள் எது இரைச்சல், எது குரல் என்று ஊகித்து, இரைச்சல் என்று நினைப்பதைக் கழிக்கும். முழுக்க இரைச்சலாகவே இருக்கும் பதிவில் இதை ஓட்டினால் கழிந்தது போக அங்கங்கே சின்னச் சின்னத் தொனிகள் மிஞ்சும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, குருவி கீச்சிடுகிற மாதிரி. எங்கள் தொழிலில் இதைத் தொல்லை என்று திட்டுவோம். அவர் அதைக் குரல் என்று விற்கிறார். சாதாரண போனில் குறைந்த தரத்தில் பதிவு செய்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் சேரும். ஏ.எம்.ஆர். மாதிரியான போன் கோடெக்குகள் (ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள்) மனிதத் தொண்டையையும் வாயையும் கணக்கில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. உள்ளே எந்தச் சத்தம் போனாலும் அதைப் பேச்சின் அச்சில் அடக்கித்தான் வெளியே தரும். மின்விசிறிச் சத்தத்தைக் கொடுத்தாலும் யாரோ முனகுகிற மாதிரி ஆகிவிடலாம். போதாததற்கு, அறை அமைதியானதும் ரெக்கார்டர் தானாகவே ஒலிவாங்கியின் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு டிவியும் பிரிட்ஜின் உறுமலும் அப்போதுதான் மேலே எழுந்து வரும். 'இரவு நிசப்தத்தில்தான் பேசுவார்கள்' என்பதன் பின்னணி இதுதான்.

எடிசன் விஷயம். 1920-இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அளித்த பேட்டியில், இறந்தவர்களின் ஆளுமை மிஞ்சியிருக்குமானால் அது பயன்படுத்தக்கூடிய மிக நுட்பமான ஒரு கருவியைச் செய்யப் பார்க்கிறேன் என்று எடிசன் பேசியது உண்மை. முதல் உலகப் போர் முடிந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் ஊரெல்லாம் இருந்த நேரம் அது. ஆனால் அவர் 1931-இல் இறந்தபின் அப்படி ஒரு கருவியோ அதன் மாதிரியோ கிடைக்கவில்லை. பேட்டியை மட்டும் வைத்து நூறு வருடமாக வியாபாரம் நடக்கிறது.

எந்தத் தொழில்நுட்பம் புதிதாக வந்தாலும் அதன் வழியே இறந்தவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது ஒரு பழைய கதை. மோர்ஸின் தந்தி 1844-இல் வந்தது. நான்கே வருடத்தில், 1848-இல், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் சகோதரிகளின் வீட்டில் ஆவி 'டக் டக்' என்று தட்டி பதில் சொல்ல ஆரம்பித்தது. தட்டியது தங்கள் கால்விரல் மூட்டுதான் என்று அவர்களில் ஒருவரான மார்கரெட் 1888-இல் மேடையேறிச் சொன்னார், மறுவருடம் அதையும் மறுத்தார். டேப் ரெக்கார்டர் வீடுகளுக்கு வந்த காலத்தில், 1959-இல், சுவீடனில் ஃபிரெட்ரிக் யூர்கன்சன் என்ற ஓவியர் பறவைச் சத்தம் பதிவுசெய்யப் போய் மனிதக் குரல்களைக் கேட்டதாகச் சொன்னார். பிறகு இறந்துபோன தன் அம்மா செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் கேட்டதாகச் சொன்னார். உங்கள் வீட்டில் நடந்ததற்கு இதுதான் மூதாதை.

அவரைப் பார்த்துத் தொடங்கியவர் கான்ஸ்டன்டின் ரௌடிவே, லாத்வியாக்காரர், படித்த மனிதர். ஆயிரக்கணக்கில் பதிவுகளைச் சேர்த்தார். அவர் கேட்ட குரல்கள் ஒரே வாக்கியத்துக்குள் ஜெர்மன், லாத்வியன், ரஷ்யன், சுவீடிஷ் என்று கலந்து பேசின. கேட்டவருக்கும் அந்த மொழிகளெல்லாம் தெரியும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் டேவிட் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையில் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரே பதிவு ஆளுக்கொரு மாதிரி கேட்கிறது, இயற்கையான விளக்கமே போதும் என்ற பக்கம்தான் சாய்ந்தார். 2001-இல் கனடாவில் இமான்ட்ஸ் பருஷ் இதே முறையை மறுபடி செய்து பார்த்தார். இத்தகைய விஷயங்களை முன்முடிவோடு தள்ளிவிடுகிறவர் இல்லை அவர். குரல் மாதிரிச் சில கிடைத்தன, வழக்கத்துக்கு மாறானது என்று சொல்லும்படி ஒன்றுமில்லை என்று எழுதினார். ஆக, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒதுக்கிய துறை இல்லை இது. ஆசையோடு தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. அடுத்த முறை அவர் வந்தால் (வரவழைக்கவேண்டாம் என்பதே என் கருத்து) கருவியையும் பதிவு செய்யும் போனையும் சேர்த்து, மூடி நன்றாக இறுகும் பெரிய எவர்சில்வர் அரிசி டின்னுக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். எந்த ஒயரும் வெளியே வரக்கூடாது. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர், மூடியின் சின்ன இடுக்குகள் வழியாக அது உள்ளே நுழையப் பெரும்பாலும் முடியாது. நிலையங்கள் அடங்கி உஸ்ஸென்ற சத்தம்தான் மிஞ்சும். அப்பாவுக்கு திருச்சி எஃப்.எம். நிலையம் தேவையில்லை என்றால் டின்னுக்குள்ளும் பேசவேண்டும். அவர் கொண்டுவருவது தனிக் கருவி இல்லாமல் போன் செயலி என்றால் டின் தேவையே இல்லை. இப்போது வரும் பல போன்களில் எஃப்.எம். ரேடியோவே கிடையாது. பிறகு அசைகள் எங்கிருந்து வருகின்றன? செயலிக்குள்ளேயே குரல் துணுக்குகளைப் போட்டு வைத்திருப்பார்கள், அது குலுக்கி எடுத்துப் போடும். இல்லையென்றால் இன்டர்நெட் ரேடியோ.

ஆனால் இந்தச் சோதனையை அம்மா முன்னால் செய்யாதீர்கள். உங்கள் சந்தேகம் தீரட்டும் என்றுதான் சொன்னேன். "பாரு, அப்பா இல்லை" என்று டின்னைத் திறந்து காட்டினால் அம்மா அவரை இரண்டாம் முறை பறிகொடுப்பார், அதுவும் உங்கள் கையால்.

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுதாமல் இருக்கிறது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைப் பார்த்துப் பேசினார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்த துணையை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். 13 சதவீதத்தினர் குரலையே கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் இதை அதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அதனால் அம்மா மதியமானால் போனைப் பார்ப்பது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போவது, இதெல்லாம் நோய் இல்லை. இரவு முழுக்கத் தூங்காமல் ஹெட்போனில் இரைச்சல் கேட்பது வேறு. எட்டு மாதமாகியும் தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை எதுவும் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் ஒருமுறை போகத்தான் வேண்டும். அழைத்துப்போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு நீங்கள் முதலில் பேசுங்கள். அது மத்திய அரசின் டெலி-மானஸ், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிறகு, ஹெட்போன் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். விடிய விடிய உரக்க வைத்து இரைச்சல் கேட்டால் காதுக்குள்ளேயே ரீங்காரம் தங்கிவிடலாம், அப்புறம் எந்தக் கருவியும் இல்லாமலே இரைச்சல் கேட்கும்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வாட்ஸ்அப் குரல் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா ஒரு பெண் பாடகியின் 'ஆ'வையும் யாரோ ஓர் அறிவிப்பாளரின் பாதிச் சொல்லையும் விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நிஜமான அப்பா ஏதோ ஒரு போனில் கிடக்கிறார். அதைக் காப்பாற்றுங்கள், இந்த வாரமே.

ஆண்ட்ராய்டு என்றால் போனின் ஃபைல்களில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று வரிசையாக உள்ளே போனால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். வாரவாரியாகப் பிரித்து, ஓபஸ் என்ற வடிவில் குரல் பதிவுகள் அதில் இருக்கும். ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள், இன்னொரு நகல் பென் டிரைவில். உங்கள் போன், அம்மா போன், சித்தி போன், கடைப் பையன் போன், எல்லாவற்றிலும் தேடுங்கள். உங்களுக்கு வராத பதிவு அவர்களுக்கு வந்திருக்கும். சில போன்கள் அழைப்புகளைத் தானாகப் பதிவு செய்து வைக்கும். கடைக்காரர் என்றால் ஆர்டர் பேசியதற்காக அதை ஆன் செய்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால் ரெக்கார்டிங் ஃபோல்டரைக் கட்டாயம் பாருங்கள். அந்த மதிய அழைப்பு ஒன்றாவது அங்கே இருந்தாலும் இருக்கும். கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, சொந்தக்காரர் வீட்டு விசேஷக் கேசட் எல்லாம் தேடுங்கள். கேசட்டில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், நாடாவும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். கேசட் மாற்றித் தரும் கடையில் கொடுங்கள்.

கிடைத்த எதையும் 'சுத்தம்' செய்யவேண்டாம். கடைத்தெரு ஹாரன் சத்தத்தோடு, பின்னால் யாரோ பில் கேட்கும் குரலோடு இருக்கட்டும், அவர் அங்கேதானே இருந்தார். அவருடைய போன் எண்ணை முடிந்தவரை குறைந்த ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். நீண்டநாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். அம்மா ஒருநாள் பழக்கத்தில் அதை அழைத்து, யாரோ "யாருங்க?" என்று கேட்டால் தாங்கமாட்டார்.

ஏஐ குரல் பற்றிக் கேட்டீர்கள். தொழில்நுட்பமாக அது முடியும், சில நிமிடப் பதிவு இருந்தாலே ஓரளவு ஒத்த குரல் செய்துவிடலாம். இரைச்சல் பெட்டியைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் செயற்கை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இருந்தாலும் இப்போது வேண்டாம். அது அப்பாவின் குரலில் அப்பா சொல்லாததைச் சொல்லும். தூக்கமில்லாமல் இருக்கும் அம்மா அதனிடம் "நகையை விற்கவா, கடையைக் கொடுக்கவா" என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் சொல்லும். யாருடைய கம்ப்யூட்டரோ சொல்கிற பதில் அது. மாதச் சந்தா கட்டும்வரைதான் பேசும், நிறுத்தினால் அன்று இன்னொரு சாவு. மேலும், குரல் நகல் வைத்துப் பண மோசடி நடக்கிற காலம் இது. யாரென்றே தெரியாத நிறுவனத்துக்கு அப்பாவின் குரலையும் குடும்பத்து விவரங்களையும் ஏற்றிக்கொடுக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து, அம்மாவே தெளிவோடு கேட்டால், அன்று யோசிக்கலாம்.

பதிவுகள் கிடைத்ததும் மொத்தமாக அம்மாவிடம் கொட்டவேண்டாம். "அப்பா வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு கிடைச்சுது, கேக்குறியாம்மா?" என்று பகல் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடுங்கள், ஹெட்போனில் வேண்டாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த இரைச்சல் பதிவை அவர் போனிலிருந்து நீங்களாக அழிக்கக்கூடாது. நிஜக் குரல் கைக்கு வந்தபின் அது தானாகவே பின்னுக்குப் போக வாய்ப்பு அதிகம். போகாவிட்டால் மேலே சொன்ன மருத்துவர்.

சித்தியிடம் சண்டை வேண்டாம், நல்லதென்று நினைத்துத்தான் அழைத்துவந்திருப்பார். அந்த ஆளிடம் மட்டும் "வீட்டில் வேறு செலவு இருக்கிறது, இனிமேல் வேண்டாம்" என்று நீங்கள் சொல்லுங்கள். அம்மாவைச் சொல்லவைக்காதீர்கள். ஐந்து முறைக்குமாக அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவின் பழைய போன் என்ன மாடல், ஆன் ஆகிறதா, பேட்டர்ன் தெரியுமா என்று எழுதுங்கள். லாக் திறக்கவில்லை என்று கடையில் கொடுத்து ரீசெட்டோ ஃப்ளாஷோ அடித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜரில் போடவேண்டாம், பேட்டரியை மாற்றித் தரச் சொல்லி மட்டும் கொடுங்கள்.